ஐம்பது கிலோவுக்குக் கீழே ஆள் இல்லை

ராசம்மாளின் வலது கை நசுங்கியபோது அந்த இடத்தில் மனிதர்கள் யாரும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, மலைப்பயிர்த் தொடுஉணர் தொழில்நுட்ப வாரியத்தின் பதிவேடு சொல்கிறது. மார்கழி மாதத்து வியாழக்கிழமை, காலை மணி பதினொன்று பன்னிரண்டுக்கு, 'விரிப்பின் மேல் ஆள்: இல்லை' என்று அதில் பதிவாகியிருக்கிறது. பதினொன்று பதிமூன்றுக்கும் இல்லை. அவள் அலறியதைத் தலைச்சோலை பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் பஸ்ஸுக்கு நிற்பவர்களின் காது வாரியம் அங்கீகரித்த கருவி கிடையாதாம்.

முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கோபத்தில் எதையாவது விட்டுவிடுவேன்.

தலைச்சோலையில் காப்பி விவசாயிகளின் சங்கத்துக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. பறித்த பழத்தைத் தோலுரிக்கிற எந்திரம் அங்கேதான் ஓடுகிறது. பழக்கூடையைத் தூக்கி எந்திரத்தின் தொட்டியில் கொட்டும் வேலையை ஆறு பெண்கள் பார்த்துவந்தார்கள். அவர்களுடைய இடுப்புவலியைப் போக்குவதற்காக வாரியம் ஒரு எந்திரக் கையைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆள் உயரம், மூன்று விரல்கள், விரல் நுனிகளில் மெல்லிய ரப்பர் தோல். அந்தத் தோலுக்குள் அழுத்தத்தை அறியும் உணரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எதைப் பிடித்தாலும், எவ்வளவு அழுத்தினால் போதும் என்று அவை கைக்குச் சொல்லிவிடும்.

திறப்பு விழாவன்று கை ஒரு நாட்டுக்கோழி முட்டையை எடுத்து உடைக்காமல் திரும்ப வைத்தது. பிறகு ஒற்றைக் காப்பிப் பழத்தை எடுத்து, தோல் கன்றாமல், வாரியத்தின் இயக்குநர் பிரபாகரின் உள்ளங்கையில் வைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து, கையைச் சுற்றித் தரையில் போட்டிருந்த கறுப்பு ரப்பர் விரிப்பைக் காட்டினார்கள். அதன் மேல் மனிதக் கால் பட்டால் போதும், அந்தரத்தில் இருந்தாலும் கை அப்படியே நின்றுவிடும் என்றார்கள். இயக்குநர் ஏறினார், கை நின்றது. சங்கத் தலைவர் ஏறினார், நின்றது. சேலத்திலிருந்து வந்த விருந்தினர்கள் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்து மகிழ்ந்தார்கள். ஏறியவர்களில் எழுபது கிலோவுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை. அங்கே வேலை செய்யப்போகிற ஆறு பெண்களும் அந்நேரம் பின்னால் வடைத் தட்டோடு நின்றிருந்தார்கள். நீங்களும் ஏறிப் பாருங்கள் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

முதல் வாரத்தில் குரங்குகள் விரிப்பின் மேல் குதித்துக் கையை நிறுத்தின. நாய் வந்து படுத்தது, அப்போதும் நின்றது. வாரியத்தின் இளம் என்ஜினியர் ஜாபெஸ், எவ்வளவு எடைக்குக் கீழே இருந்தால் கை கண்டுகொள்ள வேண்டாம் என்று ஒரு எண் போட வேண்டும் என்று எழுதினான். குரங்குக்குப் பத்து, நாய்க்குப் பதினெட்டு, ஆகவே இருபது போதும் என்றும் எழுதினான். இயக்குநர் இருபதை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சராசரி மனிதனின் எடை எழுபத்தைந்து, மலைவாழ் மக்களுக்குச் சலுகையாக ஐம்பது என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்.

ராசம்மாளின் எடை முப்பத்தெட்டு.

அந்த வியாழக்கிழமை தொட்டியின் வாயில் ஒரு குச்சி சிக்கிக்கொண்டது. சொல்லிக்கொடுத்திருந்தபடியே அவள் விரிப்பின் மேல் ஏறி நின்று, இனிக் கை வராது என்ற நம்பிக்கையில், குச்சியை எடுக்கக் குனிந்தாள். கை வந்தது. இரும்புக்கூடையின் விளிம்புக்கும் தொட்டியின் விளிம்புக்கும் நடுவில் அவளுடைய விரல்கள் இருந்தன. சேலம் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள், மூன்றாவது இருக்கிறது, ஆனால் மடங்காது. அந்தக் கூடையிலிருந்து ஒரு பழம்கூடச் சிந்தவில்லை என்பதை வாரியத்தின் அறிக்கை தனிப் பத்தியில் பாராட்டியிருக்கிறது. இதைப் படித்த அன்று நான் எழுந்து வாசலில் நாலு நடை நடந்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ராசம்மாளின் இடத்தில் ஆராயியை நிறுத்தினார்கள். ஆராயியின் எடை நாற்பத்தொன்று.

ஆராயிக்கு நாற்பது வயது. வம்புதும்புக்குப் போகாதவள். எண்ணைக் குறைத்துவிட்டால் முடிந்தது, இதற்கு ஏன் யாரோடும் சண்டை போட வேண்டும் என்று எண்ணினாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி, ஏற்காட்டில் ஏரிக்கு மேலே இருக்கும் வாரிய அலுவலகத்துக்குப் போனாள். மூன்று மணி நேரம் உட்கார வைத்த பிறகு இயக்குநர் பிரபாகர் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், அந்த நெம்பரக் கொஞ்சம் கொறைக்கோணுங்க. நாங்க நின்னா அந்தக் கைக்குத் தெரிய மாட்டேங்குதுங்க."

"எண்ணுல தப்பே கிடையாதும்மா. தப்பு இருக்கவும் முடியாது. அதப் போட்டது நான்."

"தப்புன்னு சொல்லலீங்க. கொறைச்சா நல்லதுங்க."

"குறைச்சா என்ன ஆகும் தெரியுமா? அதுவரைக்கும் அது அதிகமா இருந்துச்சுன்னு ஆகும். அதிகமா இருந்துச்சுன்னா அன்னைக்கு ஒரு விபத்து நடந்துச்சுன்னு ஆகும். நடக்காத விபத்த நான் எப்படிம்மா நடந்ததா ஆக்குவேன்? நான் ஒரு பொறுப்பான பதவியில இருக்கேன்."

"அப்ப ராசம்மாக்கா வெரலுங்க?"

"விரல் சுகாதாரத் துறை. நம்ம துறை அழுத்தம்."

ஆராயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் கேட்டதைச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னாள். இயக்குநர் பொறுமையானவர். எண்ணை மாற்றுவதென்றால் தொழில்நுட்பக் குழு கூட வேண்டும், கையைச் செய்த நாட்டுக்கு எழுதிக் கேட்க வேண்டும், பதினெட்டு மாதம் ஆகும் என்று விளக்கினார். அதற்கும் முன்னால், அவள் நாற்பத்தொரு கிலோதான் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்றார். அவள் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

கடைத்தெருவில் முகமது யூசுப்புக்கு ஒரு மளிகைக் கடை. மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்பார், மூலையில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் உண்டு. ஆராயி அவருடைய மூட்டைத் தராசில் ஏறி நின்றாள்.

"நாப்பத்தொண்ணு, முன்னூறு கிராம்" என்றார் யூசுப். "எதுக்கும்மா இது?"

"நான் ஆளுதான்னு எழுதித் தரோணுமாமுங்க பாய்."

யூசுப் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கடை பில் புத்தகத்தில், 'ஆராயி, 41.300 கிலோ, ஆள்' என்று எழுதி, முத்திரை குத்தி, தேதி போட்டுக் கிழித்துக் கொடுத்தார். "நாப்பது வருஷமா இந்தத் தராசுல நிறுக்குறேன். பத்து கிராம் கூடக் கொறையன்னு ஒருத்தர் சொன்னதில்ல. கொண்டு போய்க் குடு" என்றார்.

வாரியம் அதை ஏற்கவில்லை. மேற்படி தராசு மிளகு முதலான சரக்குகளை நிறுக்க மட்டுமே சான்று பெற்றது, அதில் ஏறி நின்றதால் மனுதாரர் தம்மைச் சரக்கு என்று தாமே ஒப்புக்கொண்டதாகக் கருதப்படுகிறார் என்று பதில் வந்தது. சங்கத்து ரைட்டர் மரியதாஸ் அந்தக் கடிதத்தை ஆராயிக்குப் படித்துக் காட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவருக்கும் நம்ப முடியவில்லை.

இருந்தாலும் வாரியம் சும்மா இருந்துவிடவில்லை. தொழிலாளர் பாதுகாப்பில் அக்கறை கொண்டு அடுத்த வாரமே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எடை குறைந்த பெண்கள் அன்றாடம் இரண்டு மலைவாழைப்பழம் சாப்பிட்டு ஐம்பது கிலோவை எட்ட வேண்டும், எட்டும்வரை இடைக்கால ஏற்பாடாகக் கல் பை கட்டிக்கொள்ள வேண்டும் என்றது அது. வாழைப்பழம் வரவில்லை. கல் பை வந்தது. காக்கித் துணியில் தைத்து, உள்ளே கூழாங்கல் போட்டு, வாயில் அரக்கு முத்திரை வைக்கப்பட்டிருந்தது. ஆராயிக்குப் பத்து கிலோ. ராசம்மாள் குணமாகி வந்தால் கட்டிக்கொள்ள அவளுக்கும் பதின்மூன்று கிலோவில் ஒன்று தயாராக இருந்தது. கல்லை எடுத்துவிடாமல் இருக்கத்தான் முத்திரை என்று ஜாபெஸ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

இடுப்புவலியைப் போக்க வந்த கைக்கு முன்னால், இடுப்பில் பத்து கிலோ கல்லைக் கட்டிக்கொண்டு, பழச்சாறு வழுக்கும் சிமெண்டுத் தரையில் அந்தப் பெண்கள் நாளெல்லாம் நின்றார்கள். அப்படியும் போதவில்லை. மூன்றாம் நாள் ஆராயி தொட்டியின் விளிம்பில் இடது கையை ஊன்றிக் குனிந்தாள். உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு கை வழியாகத் தொட்டிக்குப் போய்விட்டது. கால் வழியாக விரிப்புக்குப் போனது நாற்பதோ என்னமோ. உடனே எந்திரக் கை அசைந்தது. கூடை அவள் காதை உரசிக்கொண்டு போய் இறங்கியது. அவள் பின்னால் விழுந்தாள், கல் பை அவள் அடிவயிற்றில் அழுத்தியது. எழுந்து உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. முதல் தடவையாக ஆத்திரம் வந்தது.

அன்றே ரைட்டரைக் கொண்டு மனு எழுதிப் போட்டாள். ராசம்மாளுக்கு நடந்தது விபத்துதான், அதை விசாரித்து எண்ணைக் குறைக்க வேண்டும் என்று மனு. இந்தத் தடவை தட்டிக்கழிக்க முடியாது, ஏனென்றால் சங்கத்துத் தலைவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். தை மாதக் கடைசியில் கொட்டகையிலேயே விசாரணை வைத்தார்கள்.

விசாரணைக்கு முன்னால் இயக்குநர் ஒரு சிற்றுரை ஆற்றினார். "நம்ம நாட்டுல பொய்ச் சாட்சியும் பொய் வருகைப் பதிவும் பெரிய வியாதி. வராதவன் வந்தேம்பான். அதனால இந்த விசாரணையில யார் ஆஜர், யார் ஆஜர் இல்லைங்கிறத மனுஷன் முடிவு பண்ணப்போறதில்ல. இந்த விரிப்பு முடிவு பண்ணும். அதுக்கு சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது, இரக்கமும் தெரியாது" என்றார். கடைசிச் சொல்லைப் பெருமையாகத்தான் சொன்னார்.

ஆராயி கல் பையோடு விரிப்பின் மேல் ஏறப்போனாள். அது வேலைக் கருவி, சாட்சி சொல்லும்போது கட்டக் கூடாது என்று கழற்றச் சொன்னார்கள். கழற்றிவிட்டு ஏறி நின்று அரை மணி நேரம் பேசினாள். குச்சி சிக்கியதைச் சொன்னாள், கூடை இறங்கியதைச் சொன்னாள், ராசம்மாளின் கையைத் தன் முந்தானையால் சுற்றியதைச் சொன்னாள். இயக்குநர் எதிரில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டார். அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. 'மனுதாரர் விசாரணைக்கு வரவில்லை. விரிப்பின் பதிவுப்படி அன்று ஆஜரான ஒரே சாட்சி அறுபது கிலோ எடையுள்ளவர். அவர் விரிப்பின் ஓரத்திலேயே கடைசிவரை இருந்தும் எதுவும் கூற விரும்பவில்லை. எனவே விபத்து நடந்ததற்குச் சாட்சியம் இல்லை.' அந்த அறுபது கிலோ சாட்சி, அன்று யாரோ விரிப்பின் ஓரத்தில் இறக்கி வைத்திருந்த காப்பிக்கொட்டை மூட்டை.

ரைட்டர் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது ராசம்மாளும் கொட்டகைக்கு வந்திருந்தாள். கட்டுப் பிரித்த கையைச் சேலைக்குள் மறைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், "மூட்டையக் கூட ஆளுன்னு சொல்றாங்களா புள்ள?" என்றாள்.

ஆராயி கல் பையை அவிழ்த்து வெளியே எறிந்தாள். "வாங்கடி எல்லாரும்" என்றாள். ஆறு பெண்களும் விரிப்பின் மேல் ஏறி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒட்டியிருக்கும் பாரத்தையெல்லாம் விரிப்பு ஒன்றாகத்தான் எண்ணும். கை நின்றது. கையின் கட்டுப்பாட்டுப் பெட்டித் திரையில் எழுத்து வந்தது: 'ஆள்: ஒருவர். எடை: 252 கிலோ.'

உச்சிவேளை வரைக்கும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து ஊரான வெள்ளக்கடையிலிருந்து வந்த பழமெல்லாம் வாசலில் குவிந்தது. அன்றன்றைக்கே உரிக்காவிட்டால் பழம் புளித்துப்போகும், பிறகு விலை போகாது. சங்கத் தலைவர் போன் செய்தார். இயக்குநர் ஜாபெஸோடு ஜீப்பில் வந்து இறங்கினார். ஆறு பேரும் அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, அவர் நேரே போய்ப் பெட்டித் திரையைப் பார்த்தார்.

"யாருய்யா அந்த இருநூத்தி அம்பத்தி ரெண்டு கிலோ? அவனுக்கு மெமோ குடு" என்றார்.

"சார், இவங்க ஆறு பேரு சார்" என்றான் ஜாபெஸ்.

"எந்திரம் ஒருத்தர்னு சொல்லுது. நூத்தி அம்பதுக்கு மேல மனுஷன் இருக்க மாட்டான். மேலயும் ஒரு வரம்பு போடு. நூத்தி அம்பதுக்கு மேல இருந்தா ஆள் இல்ல."

"சார், எண்ண மாத்தணும்னா பதினெட்டு மாசம்..."

"பழம் புளிக்குதுய்யா! போடு!"

ஜாபெஸ் போட்டான். திரையை விரலால் நாலு தடவை தொட்டான், அவ்வளவுதான். திரையில் 'ஆள்: இல்லை' என்று வந்தது. ஆறு பெண்களின் தலைக்கு மேலே கை அசைந்தது. அவர்கள் அலறிக்கொண்டு நாலா பக்கமும் சிதறினார்கள். ராசம்மாளை ஆராயி முடியைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே போட்டாள். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலாகக் கூடை வீசிப்போய்த் தொட்டியில் பழத்தைக் கொட்டியது. அப்போதும் ஒரு பழம் சிந்தவில்லை.

இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, வேலை நடக்குது" என்றார்.

ஆராயி எழுந்து ஜாபெஸிடம் போனாள்.

"ஏங் கண்ணு, அவ்வளவுதானா?"

"என்னங்கக்கா?"

"நெம்பர மாத்தறது. நாலு தட்டுத்தானா?"

ஜாபெஸ் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையாட்டினான்.

"கீழ் நெம்பரு எதுன்னு காட்டு சாமி."

அவன் இயக்குநரைப் பார்த்தான். பிறகு ராசம்மாளின் கையைப் பார்த்தான். விரலை நீட்டி இடத்தைக் காட்டிவிட்டு நகர்ந்து நின்றான். ஆராயி திரையைத் தொட்டாள், அவள் விரலில் பழத்துப் பிசின் இருந்ததால் அது ஏற்கவில்லை. சேலையில் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டாள். ஐந்தை அழித்து இரண்டு போட்டாள். மேல் வரம்பையும் அழித்தாள். பிறகு கல் பை இல்லாமல், வெறும் நாற்பத்தொரு கிலோவோடு, அசைந்துகொண்டிருந்த கைக்குக் கீழே போய் விரிப்பின் மேல் நின்றாள். நிறைந்த கூடையோடு கை அந்தரத்தில் நின்றது.

"யாரக் கேட்டுத் தொட்ட?" என்று இயக்குநர் கத்தினார். கொட்டகை அதிரும்படி கத்தினார். ராசம்மாளின் விரல் போன அன்றைக்கு அவர் குரல் இவ்வளவு உயரவில்லை.

நான்காம் நாளே மெமோ வந்துவிட்டது. அந்த வாரியத்திலிருந்து இவ்வளவு சீக்கிரம் எதுவும் வந்ததில்லை. ரைட்டர் மரியதாஸ் கொட்டகை வாசலில் நின்று படித்தார். பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள்.

"'தலைச்சோலைக் கொட்டகைத் தொழிலாளி ஆராயி, எடை நாற்பத்தொரு கிலோ, என்பவர், மேற்படி நாளில் விரிப்பின் அருகே நேரில் இருந்து, வாரியத்தின் கட்டுப்பாட்டுத் திரையை அனுமதியின்றித் தொட்டது கடுமையான குற்றமாகும். இந்த எந்திரம் மிகவும் அபாயகரமானது என்பதும், ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவர்களை அது அறியாது என்பதும், அதன் காரணமாகவே சென்ற மார்கழியில் ராசம்மாள் என்பவர் தம் விரல்களை இழக்க நேர்ந்தது என்பதும் நன்கு தெரிந்திருந்தும்...'"

மரியதாஸ் நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியை மனத்துக்குள் ஒரு தடவை படித்தார். பிறகு உரக்க இன்னொரு தடவை படித்தார். கீழே இயக்குநரின் கையெழுத்தும், நீல மையில் வாரியத்தின் வட்ட முத்திரையும் இருந்தன. ஆராயியை எவ்வளவு பெரிய குற்றவாளியாகக் காட்டலாம் என்ற அவசரத்தில் மனிதர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"ரைட்டரு சார்" என்றாள் ராசம்மாள். "எம் பேரு வருதுங்களா அதுல?"

"வருதும்மா."

"வெரலு போனதுமா?"

"அதுவும் இருக்கு. எதனால போச்சுன்னும் இருக்கு."

"அப்ப, அன்னைக்கு நான் அங்கதான் நின்னேன்னு ஒத்துக்கிட்டாங்களா சார்?"

மரியதாஸ் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். இந்த இரண்டு மாதத்தில் அவள் வலிக்காக அழுதிருக்கிறாள், வேலை போனதற்காக அழுததில்லை, யாரும் அவளை நம்பாததற்காகவும் அழுததில்லை. இப்போது, மடங்காத அந்த ஒற்றை விரலோடு முகத்தை மூடிக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆராயி அழவில்லை. மெமோவை வாங்கி, யூசுப் பாய் கடையில் பத்து ஜெராக்ஸ் எடுத்து, அசலை ராசம்மாளிடமே வைத்திருக்கச் சொல்லி, தொழிலாளர் கோர்ட்டுக்கு ஒன்று அனுப்ப வேண்டும் என்று ரைட்டரிடம் சொன்னாள். விளக்கம் கொடுக்க ஏழு நாள் கெடு இருக்கிறது, யோசித்து நிதானமாக எழுதலாம் என்றார் மரியதாஸ்.

"ரோசனை என்னத்துக்குங்க? இப்பவே எழுதுங்க" என்றாள் அவள். "தொட்டது நாந்தானுங்க. மறுக்கா அம்பதுன்னு போட்டா, மறுக்காவும் வந்து தொடுவனுங்க."